சுவருக்குள் போன அம்மி

இயேசு மரி சூசை துணை

பசறை,
12.10.1999

அன்பு மகன் ஜோன்சனுக்கு அம்மா நேசராணி முத்தங்களோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி ஜெசீகாவும் ஆண்டவர் புண்ணியத்தில் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அதே போல நீயும் அந்தத் தூர தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று நீ நினைத்திருப்பாய். எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன், அப்படியே நாள் போய்விட்டது. கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே சாமி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழுதியிருந்த விஷயம் அப்படி, அவ்வளவுதான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னுடைய விஷயத்தில் இறங்கினதும் மற்றதெல்லாம் மறந்து போகும்.

இங்கே மழை இந்த வருஷம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் வருகிறது, ஜெசீகா பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் நான் வாசலிலேயே நிற்கிறேன். அவள் பசறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனதிலிருந்து வீட்டிலும் டீச்சர்தான், நான் சோற்றை அள்ளி வைத்தால்கூட அம்மா சிந்தாதீங்க என்று அதட்டுகிறாள். பண்டாரவளையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது, பையன் மரக்கறி மொத்த வியாபாரம், அமைதியான பிள்ளை, ஆனால் இவள் அண்ணன் வராம என் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டாள். உன் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நீ அவளுக்குத் தனியாக எழுதும்போது நைசாகக் கேட்டுப் பார். செவலைப் பசு கன்று போட்டது, கிடாரிக் கன்று. அப்பாவுக்கு மழைக்கு முழங்கால் வலி, எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன். நீ அனுப்பின கம்பளிச் சட்டையை அவர் கோயிலுக்கு மட்டும்தான் போடுகிறார், வீட்டில் அந்தப் பழைய ஓட்டைச் சட்டையோடுதான் திரிகிறார், கேட்டால் நல்ல சட்டை நல்ல நாளைக்கு என்கிறார். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஆனாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து என் மடியில்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதை எழுதுகிறபோதுகூட ஒரு வாண்டு என் பேனாவைப் பிடுங்குகிறது, இந்தப் பக்கத்தில் கோடு கிழித்திருந்தால் அது அவன் வேலை.

இனிமேல் வீட்டு விஷயம். ஏழு பேர்ச் காணியில் நீ அனுப்பின காசில் எழும்பிக்கொண்டிருக்கிற வீட்டுக்குச் சுவரெல்லாம் முடிந்துவிட்டது, ஜன்னல் நிலை வைத்தாயிற்று, கூரைக்கு மரமும் ஏற்றியாயிற்று. தகரம் மட்டும்தான் பாக்கி. பெரிய மழைக்கு முன்னால் தகரத்தைப் போட்டு, பாலன் பிறக்கிற நத்தாருக்குத் தோட்டத்து லயக் காம்பராவை விட்டுப் புது வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன், திரைச்சீலைத் துணிகூட வாங்கிவிட்டேன். பசறையில் இத்ரூஸ் நானா கடையில் தகரம் சொல்லி வைத்து, புதன்கிழமை லொறியில் அனுப்புவதாகப் பேச்சு. புதன்கிழமை நான் காலையிலிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், லொறி வரவில்லை. மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை, குடையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய், என்ன நானா, மழை எங்களுக்காகக் காத்திருக்குமா என்று சத்தம் போட்டேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நேசராணி தங்கச்சி, மத்தேயு அண்ணன்தானே செவ்வாய்க்கிழமை வந்து தகரம் இப்ப வேணாம், ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு, ஒங்களுக்குத் தெரியாதா என்றார். கடையில் நின்ற ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை.

வந்து பார்த்தால் லயத்தில் அப்பா இல்லை. புது வீட்டுக்குள்ளே, கூரை இல்லாத நடு அறையில், மணல் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறார். தூறல் விழுந்துகொண்டிருக்கிறது, மனுஷன் எழும்பவில்லை. இரண்டு நாளாகவே அவர் வாயில் கொழுக்கட்டைதான், கால் வலி என்று நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிள்ளை கடல் கடந்து போய்க் குளிரில் கிடந்து சம்பாதித்து அனுப்புகிறான், நீங்கள் இங்கே என்னைக் கேட்காமல் கூரையை நிறுத்துகிறீர்களா என்று கேட்டேன். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு உன் கடிதத்தை எடுத்து, படி என்று நீட்டினார். செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஒபீசில் அவர் கையில்தான் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய், அந்த வரியை முதலில் படித்தவரே அவர்தான். நானும் அந்த மணல் மேலேயே உட்கார்ந்து, குடையை விரித்துக்கொண்டு படித்தேன்.

மகன், உன் கடிதத்தை நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன், ஜெசீகாவும் படித்தாள். எனக்குச் சரியாக விளங்கியிருக்கிறதா என்று நீயே பார். நீ வெளிக்கள வேலையைப் பார்க்கிற கண்டக்டராக இருக்கிற அந்தத் தேயிலை மலையில் ஒரு காலத்தில் கறுப்புச் சனங்களின் ஊர் இருந்திருக்கிறது. இந்த நிறத்து ஆட்கள் இந்த இடத்தில்தான் இருக்கலாம், அந்த நிறத்து ஆட்கள் அங்கே இருக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் போட்டு, அந்த மலையை வெள்ளைக்காரருக்கு என்று எழுதிக்கொண்டு, லொறிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, கோழி சட்டி பானையோடு ஊரையே ஏற்றிக்கொண்டு போய் மரம் மட்டை இல்லாத பொட்டல் வெளியில் இறக்கிவிட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் அவரவர் வீட்டுத் தகரத்தை அவரவரே பிடுங்கச் சொன்னார்களாம், அங்கே போய் அதைத்தான் கூரையாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்களாம். அதற்குப் பிறகுதான் கம்பனி வந்து தேயிலை நட்டது. இப்போது அந்தச் சட்டமெல்லாம் போய் அவர்களுடைய ஆட்சி வந்துவிட்டது, பறித்த காணியைத் திருப்பிக் கேட்கலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது, அந்தச் சனங்களும் கேட்டிருக்கிறார்கள். கம்பனியோ இந்த மலையில் ஒரு காலத்திலும் ஆள் குடியிருந்ததில்லை என்று சொல்கிறது. அவர்கள் இருந்ததற்குச் சாட்சி அவர்களுடைய செத்தவர்களைப் புதைத்த இடம்தான். நவம்பர் மாதம் அதிகாரிகள் வந்து பார்க்கப் போகிறார்கள்.

அந்தப் புதைத்த இடத்துக் கல்லைத்தான் என் பிள்ளை எடுத்துச் சுவர் கட்டியிருக்கிறான். கொழுந்து லொறி போகிற பாதை சரிகிறது என்று உன் தோட்டத்துத் துரை சொன்னதும், தேயிலைக்கு நடுவே புல் மண்டிக் கிடந்த மூலையில் கும்பி கும்பியாகக் கல் கிடந்ததைக் கண்டு, சும்மா கிடக்கிற கல்தானே என்று அத்தனையையும் அள்ளிக் கல்லுக்கட்டுக் கட்டிவிட்டாய், கல் எடுத்த இடத்தைச் சமன் பண்ணித் தேயிலைக் கன்றும் நட்டுவிட்டாய். ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம்ம தோட்டத்தில் தேயிலைக்குள்ளே கல் கும்பி கிடந்தால் அது காடு வெட்டினவன் பொறுக்கிப் போட்ட கல், அவ்வளவுதான் அர்த்தம். நாம் செத்தவரைப் புதைத்தால் மண் மேடு போட்டு ஒரு குரோட்டன் குச்சியை நட்டுவிட்டு வருவோம், கல் வைக்க யாருக்கு வசதி இருந்தது. வேறு ஊர்க்காரன் யாராவது அந்தக் கும்பியைப் பார்த்திருந்தால் என்ன ஏது என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பான், தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்பதால்தான் உனக்கு அது வெறும் கல்லாகத் தெரிந்தது. அதுவும் கல்லைக் கண்டால் கட்டாமல் இருக்க முடியாத மத்தேயுவின் மகன் வேறு. நான் தெரியாமதானே அம்மா செஞ்சேன் என்று நீ எழுதியிருக்கிறாய். ஆமாம் தம்பி, தெரியாமல்தான் செய்தாய். அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அந்தச் சுவரோடு நீ நின்று எடுத்த படத்தை மே மாதம் அனுப்பினாயே, அப்பா அதைத் தலைமேல் வைத்து ஆடாத குறைதான். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவரை எல்லாம் இழுத்துக் கொண்டுவந்து, பாருங்க என் மகன் கட்டின கட்டு, ஒரு துளி சிமெந்து கெடையாது என்று காட்டிக்கொண்டிருந்தார். அப்போதே நான் சொன்னேன், என்னங்க இது, பையன் முழங்கால் பக்கத்துல குழிஞ்ச கல்லு ஒண்ணு அம்மி மாதிரி இருக்கே என்று. கல்லுன்னா கல்லு, ஒனக்குப் பாக்குறதெல்லாம் அடுப்படியா என்று என் வாயை அடைத்துவிட்டார். இப்போது உன் கடிதத்தைப் பார்த்தால் அந்த எலியாஸ் என்கிற பெரியவர் வந்து தேயிலை நிரைக்குள்ளே தேடித் தேடி, தன் அம்மாவின் குழி மேல் அவள் மாவு அரைத்த கல்லை வைத்துவிட்டுப் போனோமே, அது எங்கே, எங்கே என்று உன்னையே கேட்டாராம். நீ அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு தெரியாது என்று தலையை ஆட்டினாயாம். துரை பிறகு உன்னைக் கூப்பிட்டு, நல்ல வேலை செய்தாய், இனிமேலும் இப்படியே இரு, வாயைத் திறந்தால் அடுத்த பிளேனில் ஊருக்கு என்று சொன்னாராம். மலையில் ஆளே இருந்ததில்லையாம். அந்த அம்மி பிறகு தானாக நடந்து மலை ஏறி வந்ததா என்று அந்தத் துரையைக் கேட்க எனக்கு நாக்குத் துடிக்கிறது.

தெரியாது என்று நீ தலையை ஆட்டினாயே, அதுதான் மகன் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. கல்லை எடுத்தது தெரியாமல் செய்தது. தலையை ஆட்டினது தெரிந்து செய்தது. பிள்ளைக்காம்பராவில் நான் எத்தனை வருஷம் இருந்தேன், எத்தனை பிள்ளை பால்மாவைக் கொட்டியிருக்கும், எத்தனை பிள்ளை கோப்பையை உடைத்திருக்கும். வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஆயா நான்தான் என்று சொன்ன பிள்ளையை நான் அடித்ததாக இந்தத் தோட்டத்தில் ஒருத்தர் சொல்லட்டும். நீயும் அந்தக் காம்பராவில் வளர்ந்தவன்தான்.

உனக்கு நான் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார், இப்போது அவரே எழுது என்கிறார். போன ஓகஸ்டில் இந்தியாவிலிருந்து பெரியாயி வந்திருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்காது, நம் லயத்தில் பக்கத்துக் காம்பரா, உன்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவள். இங்கே இருக்கிற அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஆளைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவள் குடும்பத்துக்கு இந்தியா என்று வந்துவிட்டது. இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சமயம் பார்த்து அவள் கைக்குழந்தை செவ்வந்தி காய்ச்சலில் செத்துப் போயிற்று. மேல் டிவிசனில் காட்டோரம் புதைத்தோம், குழி வெட்டினது அப்பாதான். அந்த மண் காய்வதற்குள் இவர்கள் கோச்சி ஏற வேண்டிய நாள் வந்துவிட்டது. பதுளை ஸ்டேசன் வரைக்கும் நான் கூடவே போனேன். ஒப்பாரிக் கோச்சி என்று நாங்கள் பேர் வைத்திருந்த அந்தக் கோச்சியில் மற்ற எல்லாரும் கதறுகிறார்கள், இவள் மட்டும் அழவில்லை, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, நேசா, பிள்ளை தனியாக் கெடக்குடி என்று மட்டும் சொன்னாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நீ இருக்கிற நாட்டில் தோலின் நிறத்தைப் பார்த்து லொறியில் ஏற்றினார்கள், இங்கே எங்களைப் பிரஜா உரிமைக் காகிதத்தைப் பார்த்துக் கோச்சியில் ஏற்றினார்கள். ஏறினவர்களுக்கு ஒன்றுதான்.

இப்போது கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள், தலையெல்லாம் நரைத்து, என்னைவிட ஒடிந்து போயிருக்கிறாள். வந்த மறுநாளே பிள்ளை இருக்கிற இடத்தைக் காட்டு என்றாள். அந்தக் காட்டோரத்தை எப்போதோ தேயிலையாக்கிவிட்டார்கள், மேடும் இல்லை, குச்சியும் இல்லை, நான் எதைக் காட்டுவேன். அப்பாதான் வா என்று சொல்லிவிட்டு, வலிக்கிற காலோடு முன்னால் நடந்தார். எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் தெரியுமா, அந்தக் கோணல் கானுக்குப் பக்கத்தில். நீ கண்டக்டரான புதிதில், மழைத் தண்ணீர் ஓட வெட்டின கானை எந்தக் குடிகாரன் இப்படி வளைச்சு வெட்டினான் என்று சிரித்தாயே, அதே கான். வெட்டினது அப்பா. அந்த இடத்தைத் தேயிலையாக்கினபோது இங்கே இருந்த துரை கயிறு கட்டி நேராகக் குறித்துக் கொடுத்த கோடு செவ்வந்தியின் மேட்டு மேலேதான் போயிருக்கிறது. அப்பா பேசாமல் மேட்டைச் சுற்றி வளைத்து வெட்டிவிட்டார். துரை வந்து கத்தினாராம், கங்காணி கத்தினாராம், அன்றைக்கு அரை நாள் சம்பளம், அரைப்பேர்தான் விழுந்ததாம். ஏன் வளைத்தாய் என்று கேட்டதற்குப் பாறை இருந்தது என்று சொல்லிவிட்டாராம். காரணத்தை என்னிடம்கூடச் சொன்னதில்லை, நானும் அவர் மற்றவர்களைப் போலக் கள்ளுக் குடித்துவிட்டுத்தான் வெட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைவுக்கு உள் பக்கத்தைக் காட்டி, இங்கனதான் பெரியாயி, தலைமாடு அந்தப் பக்கம் என்று சொன்னார். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பொரி விளங்காய் உருண்டையை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, இத்தன வருசமா எந்தப் பக்கம் திரும்பிக் கும்புடுறதுன்னு தெரியாம கும்பிட்டேன் நேசா, இப்பத் தெரிஞ்சிருச்சு என்றாள். கிளம்பும்போது அப்பாவின் காலைத் தொட வந்தாள், அவர் ஓடிப் போய்விட்டார். நானும் ஜெசீகாவும் அன்றைக்கு அழுத அழுகை சொல்லி முடியாது.

அந்த எலியாஸ் பெரியவரும் அப்படித்தான் மகன், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறார். காட்டுவதற்கு அந்த மலையில் ஒரே ஒரு விரல்தான் இருக்கிறது, அது உன்னுடையது. எந்தக் கும்பியை எங்கேயிருந்து எடுத்தாய் என்பது உனக்கு மறந்திருக்காது, வெளிக்கள வேலைக்காரனுக்கு அது மறக்காது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் நவம்பரில் அதிகாரிகள் வருவார்கள், தேயிலையைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். லொறியில் ஏற்றி அந்தச் சனங்களை ஒரு தடவை அனுப்பினது வெள்ளைக்காரன், இரண்டாவது தடவை அனுப்பினது நேசராணியின் மகன் என்றாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது தம்பி. அதனால் அதிகாரிகள் வரும்வரைக்கும் காத்திருக்காதே. முதலில் அந்தப் பெரியவர் இருக்கிற இடத்தைத் தேடிப் போய் அவரிடம் சொல். துரையிடம் இல்லை, அதிகாரியிடம் இல்லை, அம்மியைத் தேடுகிறவரிடம். போகும்போது வெறுங்கையோடு போகாதே, சீனியோ தேயிலையோ வாங்கிக்கொண்டு போ. அவர் கோபப்பட்டால் படட்டும், ஏசினால் ஏசட்டும், நீ எதிர்த்து ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நில்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். துரை உன்னை ஏதாவது செய்துவிடுவாரோ, யாரும் இல்லாத ஊரில் என் பிள்ளை தனியாக நிற்பானோ என்று நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை. நீ பூசைக்குப் போகிற கோயிலில் இருக்கிற சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போ. பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். இருட்டின பிறகு பாதையில் திரியாதே. வேலை போனால் போகட்டும், உன்னைச் சும்மா வைத்துச் சோறு போட எங்களால் முடியும். கூரையைப் பற்றி ஒரு சொட்டுக் கவலை வேண்டாம். அன்றைக்கு மணல் மேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, ஏன் தகரத்தை நிறுத்தினீங்க என்று அப்பாவை மறுபடியும் கேட்டேன், இந்தத் தடவை மெதுவாக. நம்ம தகரத்த நெனச்சுக்கிட்டு அவன் வாயப் பொத்திக்கிட்டா என்ன செய்யிறது, காசு அப்பிடியே கெடக்கட்டும், புள்ள திரும்பி வர்றதுக்கு ஆகும் என்றார். அந்தச் சனங்கள் தகரத்தைத் தாங்களே பிடுங்கின கதையைப் படித்த பிறகு அவருக்குத் தகரம் என்ற பேரைக் கேட்கவே பிடிக்கவில்லையாம். இத்ரூஸ் நானாவிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு, தகரம் எங்கயும் ஓடிப் போகாது தங்கச்சி, தம்பி வரட்டும் என்றார். வாங்கின திரைச்சீலைத் துணியை லயத்து ஜன்னலுக்கே தைத்துப் போட்டுவிட்டேன், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இந்த நத்தாரும் லயத்தில்தான், அதனால் ஒன்றும் குறைந்து போகாது. நீ வந்தால் கோழி, வராவிட்டால் பருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெசீகா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். அண்ணன் தப்புப் பண்ணிட்டான்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா அவன் போய்ச் சொல்லிட்டான்னா ஊர் முழுக்கச் சொல்லுவேன் என்கிறாள். அவள் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், ஜாக்கிரதை.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நெஞ்சுச் சளிக்கு நான் கொடுத்த எண்ணெய் தீர்ந்திருந்தால் எழுது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், இங்கே எங்கள் ஆட்களுக்கும் செவ்வந்திக்கும் மெழுகுதிரி கொளுத்துவோம், அவள் சைவக்காரப் பிள்ளை என்றாலும் வெளிச்சத்தில் என்ன இருக்கிறது. நீயும் அங்கே கொளுத்த வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பெரியவரிடம் அவருடைய அம்மாவின் பேரைக் கேட்டு வைத்துக்கொள், பேர் தெரியாமல் செபம் சொல்லாதே. கேட்டு எனக்கும் எழுதி அனுப்பு, நானும் இங்கே பூசைக்குக் கொடுக்கிறேன். இதை மறந்துவிடாதே, இதைத்தான் நான் உன்னிடம் முக்கியமாகக் கேட்பது.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நடக்கிற பாதையில் பரலோகத்துச் சம்மனசுகள் உனக்கு முன்னால் நடக்கட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லுகிற தைரியத்தை ஆண்டவர் உன் நாக்கில் வைக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ம. நேசராணி

மகன், அப்பா எழுதுவது. அம்மா எல்லாம் எழுதிவிட்டாள். சுவர்ப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், இனிமேல் அதை இங்கே மாட்ட வேண்டாம். கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்தேன். கட்டு நல்ல கட்டு, அதனால் பிரிப்பது லேசு இல்லை. மேலேயிருந்து வரிசை வரிசையாகப் பிரி. அம்மி உன் இடது முழங்கால் பக்கம் இருக்கிறது, அவசரப்பட்டு அதை முதலில் இழுக்காதே, மேல் வரிசை சரிந்து காலில் விழும். அது கனமான கல். நீ தனியாகத் தூக்காதே, அந்தப் பெரியவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்.